தகரப் பட்டறையிலே பிறந்த கல்லூரி

கலாசாலைகளின் பூர்வ சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அரசர்களும் மடாதிபதிகளும் தனவந்தர்களுமே கண்ணில் படுவார்கள். ஒருவர் நிலம் எழுதி வைத்திருப்பார். ஒருவர் மண்டபம் கட்டிக் கொடுத்திருப்பார். அவர்களுடைய எண்ணெய்ச் சித்திரங்கள் இன்னமும் சுவரிலே தொங்கிக்கொண்டிருக்கும். பகல் முழுவதும் உழைத்துவிட்டு, பிள்ளைப் பிராயமும் தாண்டிவிட்ட ஒரு மனிதன், "இது என்ன ஸார், இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டானே, அந்தக் கேள்வியிலிருந்து முளைத்த கலாசாலை எங்கேயாவது உண்டா? உண்டு. ஸ்காட்லாந்திலே கிளாஸ்கோ நகரத்தில், ஒரு தகரப் பட்டறையில் அந்த விதை விழுந்தது. விழுந்த விதை முளைத்ததும், முளைத்ததற்கு யார் சொந்தக்காரர் என்று சண்டை வந்ததும், அந்தச் சண்டை நூறு வருஷம் கழித்துக்கூட ஓயாமல் இருந்ததும் ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம். நாவல் எழுத எனக்குத் துணிவில்லை, கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஜான் ஆண்டர்ஸன் என்ற பேராசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1757 முதல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரம் போதித்தவர். மகா கோபக்காரர். சக ஆசிரியர்களோடு ஓயாத தகராறு. கோர்ட்டு வரைக்கும் போன வழக்குகள். ஆனால் மாணவர்களுக்கு அவரைக் கண்டால் குஷி. வகுப்பிலே எதையாவது பற்ற வைப்பார், வெடிக்க வைப்பார். அதனால் "ஜாலி ஜாக் பாஸ்பரஸ்" என்று அவருக்குச் செல்லப் பெயர். கிளாஸ்கோ சர்வகலாசாலை மாணவர்கள் சிவப்பு மேலங்கி அணிந்து வகுப்புக்கு வருவது வழக்கம். ஆண்டர்ஸனோ அந்த மேலங்கி இல்லாமல், பட்டறையிலிருந்தும் தறியிலிருந்தும் எழுந்து வந்த உடையோடு எவரும் வந்து உட்காரலாம் என்று தனியாக ஒரு வகுப்பு வைத்தார். அங்கிக்கு விரோதமான வகுப்பு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அங்கிதானே என்று நாம் நினைக்கலாம். அழுக்குச் சட்டையோடு ஒரு பெரிய கட்டடத்தின் படியேறி, வாசற்காரன் என்ன சொல்வானோ என்று தயங்கி நின்றவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று.

ஆண்டர்ஸனுக்கு இந்த எண்ணம் உதித்ததற்கு ஒரு முகாந்திரம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அவருடைய வகுப்பிலே நியூகோமன் நீராவி யந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று இருந்தது. அது சரியாக ஓடுவதில்லை. 1763-ஆம் வருஷம் குளிர்காலத்தில் அதைப் பழுது பார்க்கும்படி ஒரு கருவித் தொழிலாளியிடம் கொடுத்தார். நகரத்துத் தொழிலாளர் சங்கம் கடை வைக்க இடம் கொடுக்காமல், சர்வகலாசாலை வளாகத்துக்குள்ளே ஓர் அறையில் பட்டறை நடத்திக்கொண்டிருந்த இளைஞர் அவர். பெயர் ஜேம்ஸ் வாட். பழுது பார்க்க உட்கார்ந்தவர், நீராவி ஏன் இவ்வளவு வீணாகிறது என்று யோசிக்க ஆரம்பித்தார். 1765-ல் நீராவியைக் குளிர்விப்பதற்குத் தனிக் கலம் வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். உலகத்தின் ஆலைகளெல்லாம் அதற்குப் பிறகு ஓடிய ஓட்டம் நமக்குத் தெரிந்ததுதான். பேராசிரியரின் வகுப்பறையிலே ஓடாமல் நின்ற யந்திரம், கைவேலைக்காரனின் மேஜை மேல் ஒரு யுகத்தையே தொடங்கி வைத்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், சாஸ்திரத்தைத் தொழிலாளிக்குச் சொல்லாமல் பூட்டி வைப்பதில் என்ன அர்த்தம் என்று கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1796-ல் ஆண்டர்ஸன் காலமானார். தம் சொத்தையெல்லாம் ஒரு புதிய கலாசாலைக்கு எழுதி வைத்திருந்தார். பழைய சர்வகலாசாலையின் மேல் இருந்த கோபமும் அந்த உயிலில் கலந்திருந்தது. உயிலில் கண்ட திட்டம் பெரிது. விட்டுப் போன பணம் சொற்பம். எப்படியோ ஆண்டர்ஸன் கலாசாலை ஆரம்பமாயிற்று. அதற்கு முதலில் வந்த ஆசிரியர் 1799-ல் லண்டனுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் நம் கதாநாயகர் ஜார்ஜ் பர்க்பெக். யார்க்ஷயரில் ஸெட்டில் என்ற சிற்றூர்க்காரர். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த குடும்பம். எடின்பரோவில் வைத்தியம் படித்துத் தேறிய கை ஈரம் உலரவில்லை, வயது 23.

வகுப்பு நடத்தப் போனால் உபகரணங்கள் போதவில்லை. சாஸ்திரக் கருவிகளைச் செய்து தருபவர்கள் அப்போது கிளாஸ்கோவில் கிடைப்பது அரிது. ஆகவே பர்க்பெக் சாதாரணப் பட்டறைகளுக்கு நடந்தார். சுழற்சியின் வேகத்தால் தண்ணீரை மேலே தள்ளும் ஒரு பம்பின் மாதிரியை ஒரு தகரப் பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தார். அதைப் பார்க்கப் போனபோது, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்த மாதிரியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். இது எதற்கு, இந்தத் தண்ணீர் ஏன் மேலே ஏற வேண்டும், இந்த வளைவு ஏன் இப்படி என்று கேள்வி மேல் கேள்வி. பர்க்பெக் அவர்களுடைய முகங்களைப் பார்த்தார். தம் வகுப்பிலே கட்டணம் கட்டி உட்கார்ந்திருக்கும் கனவான்களின் முகத்தில் அவர் காணாத ஒரு ஆவல் அங்கே இருந்தது. கருவியைச் செய்கிறவன் இவன். அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்கிறவன் வேறு யாரோ. இது என்ன நியாயம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தொழிலாளருக்கென்று இலவசமாக ஒரு வகுப்பு நடத்துகிறேன், பரீட்சார்த்தங்கள் நிறைய இருக்கும், பேச்சு எளிமையாக இருக்கும் என்று கலாசாலை நிர்வாகிகளிடம் சொன்னார். அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. கூப்பிட்டால் அவர்கள் வரமாட்டார்கள், வந்தால் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று ஆரூடம் சொன்னார்களாம். இந்த மூன்று வாக்கியங்களையும் நான் பல ஊர்களில், பல பாஷைகளில், பல பெரிய மனிதர்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்போது காலமும் சரியில்லை. பிரான்ஸ் தேசத்துப் புரட்சி நடந்து 11 வருஷந்தான் ஆகியிருந்தது. நாலு தொழிலாளி ஓரிடத்தில் கூடினால் சர்க்காருக்கு வயிற்றைக் கலக்கும். கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்று சேர்வதே குற்றம் என்று 1799-லும் 1800-லும் சட்டம் போட்டிருந்தார்கள். அந்த 1800-ஆம் வருஷத்து இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை மாலையில் பர்க்பெக் முதல் பாடத்தை நடத்தினார். சனிக்கிழமை என்பது அந்த வாரத்து உழைப்பு முடிந்து, மறுநாள் எழுந்து ஓட வேண்டாம் என்ற நிம்மதி இருக்கும் மாலை. கல்வியின் நேரத்தை ஆசிரியரின் வசதிப்படி வைக்காமல், மாணவனுடைய வாரத்தைப் பார்த்து வைத்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதல் வாரம் 75 பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் 200 பேர். மூன்றாம் வாரம் 300. நாலாவது வாரம் 500 பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நிர்வாகிகளின் ஜோசியம் பொய்த்துவிட்டது.

நாலு வருஷம் இப்படி நடந்தது. 1804-ல் பர்க்பெக் கிளாஸ்கோவை விட்டுப் புறப்பட்டார். பிறகு லண்டனில் வைத்தியராக ஊன்றிக்கொண்டார். அவருக்குப் பின் ஆண்ட்ரூ யூர் என்ற ரசாயன சாஸ்திரி வகுப்பைத் தொடர்ந்தார். மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு புஸ்தகசாலையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். புஸ்தகசாலை யாருக்குச் சொந்தம், யார் நிர்வாகம் செய்வது என்ற விவாதம் கிளம்பிற்று. தொழிலாளர், "எங்களுடையது" என்றார்கள். கலாசாலை நிர்வாகிகள், "எங்கள் கூரையின் கீழே இருப்பது" என்றார்கள். மனஸ்தாபம் முற்றி, 1823-ஆம் வருஷம் அவர்கள் ஆண்டர்ஸன் கலாசாலையை விட்டு வெளியேறி, கிளாஸ்கோ மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார்கள். மெக்கானிக் என்றால் இப்போது நமக்கு மோட்டார் பழுது பார்ப்பவர் நினைவுக்கு வருகிறார். அந்த நாளில் தச்சர், கொல்லர், கடிகாரம் செய்பவர், அச்சுக் கோப்பவர் எல்லாருமே மெக்கானிக்குகள்தாம். தங்களைப் படிக்கச் சொல்லிக் கூப்பிட்ட பர்க்பெக்கையே அந்தப் புதிய சங்கத்துக்குப் போஷகராக வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லண்டனில் "மெக்கானிக்ஸ் மாகஸின்" என்ற மலிவுப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியிருந்தது. ஆசிரியர் ஜோஸப் கிளின்டன் ராபர்ட்ஸன். அவருக்குக் கூட்டாளி தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின். கடற்படையில் உத்தியோகம் பார்த்து, மேலதிகாரியோடு மோதி, அங்கே நடக்கும் கசையடித் தண்டனைகளைக் கண்டித்துப் புஸ்தகம் எழுதியவர். கிளாஸ்கோ செய்தி கேட்டதும் இவர்கள் இருவரும், லண்டனிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று அக்டோபர் மாதத்தில் எழுதினார்கள். பர்க்பெக் உடனே ஓடி வந்தார். நவம்பர் 11-ந் தேதி, ஸ்ட்ராண்ட் வீதியில் இருந்த கிரௌன் அண்ட் ஆங்கர் விடுதியில் கூட்டம். ஏறக்குறைய 2,000 பேர் வந்து குவிந்தார்கள். டிசம்பர் 2-ந் தேதி சங்கம் ஸ்தாபிதமாயிற்று.

இங்கேதான் கதையின் முடிச்சு விழுகிறது. சங்கத்துக்குப் பணம் வேண்டும். எங்கிருந்து?

பணம் சேர்ப்பதில் முன்னின்றவர் பிரான்ஸிஸ் ப்ளேஸ். சேரிங் கிராஸில் தையற்கடை வைத்திருந்தவர். வறுமையிலே வாடி, வேலை நிறுத்தத்தில் ஈடுபட்டதற்காக வேலை கிடைக்காமல் பட்டினி கிடந்து, பிறகு சொந்த முயற்சியால் முன்னுக்கு வந்தவர். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அருமையான புஸ்தகசாலை ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் வாடிக்கைக்காரர்களுக்கு அதைக் காட்டமாட்டார். ஒரு தடவை ஒரு கனவானுக்கு அது தெரிந்துபோய், தையற்காரனுக்கு இத்தனை புஸ்தகமா என்று கோபம் வந்து, கடைப் பக்கமே தலைகாட்டவில்லையாம். சட்டை தைக்கிறவன் சட்டை தைக்க வேண்டும். அவன் யோசிக்கிறான் என்று தெரிந்தால் அவன் தைத்த சட்டைகூட அந்தக் கனவானுக்கு உறுத்துகிறது! இத்தனை அவமானப்பட்ட ப்ளேஸ்தான் பணக்காரர்களிடம் போய் நன்கொடை கேட்கலாம் என்றார். ஏனென்றால் அவர் கணக்குத் தெரிந்த மனிதர். தொழிலாளியின் சந்தாவை மட்டும் நம்பிக் கட்டடம் எழும்பாது, புஸ்தகம் வராது, கருவி வராது என்று அவருக்குத் தெரியும்.

ராபர்ட்ஸனும் ஹாட்ஜ்ஸ்கினும் கூடாது என்றார்கள். பிறத்தியார் பணத்தை வாங்கினால் நாளைக்கு என்ன படிக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லுவார்கள். வாடகை வீட்டில் இருந்தாலும் நம் சந்தாவிலே நம் வீடாக இருக்கட்டும் என்பது அவர்கள் கட்சி. யார் சொன்னது சரி? எனக்கு இரண்டு பக்கமும் சாய்கிறது மனசு. ப்ளேஸ் சொன்னது நடைமுறைக்குச் சரி. ராபர்ட்ஸன் சொன்னது பின்னால் நடந்ததற்குச் சரி.

ப்ளேஸின் கட்சிதான் வென்றது. நிர்வாக சபையில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளராகவே இருக்க வேண்டும் என்று மட்டும் விதி செய்துகொண்டார்கள். பர்க்பெக் தம் கையிலிருந்து 3,000 பவுனுக்கு மேல் கடன் கொடுத்தார். சான்ஸரி லேன் பக்கத்தில் ஸௌதாம்ப்டன் பில்டிங்ஸில் 1825-ல் பிரசங்க மண்டபம் திறக்கப்பட்டது. அந்த வருஷமே பார்லிமெண்டு அங்கத்தினரான ஹென்றி புரூஹம் ஜனங்களின் கல்வியைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுத, அது பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. ஊருக்கு ஊர் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டுகள் முளைத்தன. 1850-க்குள் இங்கிலாந்தில் மட்டும் 600-க்கு மேல். சந்தாதாரர் ஏறக்குறைய ஒரு லட்சம். லண்டன் சங்கத்தில் 1830-லேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1920 வரை யோசித்துக்கொண்டிருந்தது என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பார்த்தால் வெற்றிதான். ஆனால் மண்டபத்திலே யார் உட்கார்ந்திருந்தார்கள்?

பத்துப் பதினைந்து வருஷத்துக்குள்ளாகவே புகார் கிளம்பிவிட்டது. தச்சனும் கொல்லனும் மெல்ல மெல்ல மறைந்து, குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தாக்களும் ஏழைகள்தாம், அவர்கள் படித்ததில் ஒரு தவறும் இல்லை. ஆனால் யாருக்காகக் கதவு திறந்ததோ அவன் வாசலிலே காணோம். தொழிலாளிக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நிர்வாகிகள் அறிக்கை எழுதினார்கள். 1800-ல் 500 பேரை நெருக்கியடிக்க வைத்த ஆர்வம் எங்கே போயிற்று? அது எங்கேயும் போகவில்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்லுகிறேன்.

கிளாஸ்கோவுக்குச் சில மைல் தொலைவில் பிளாண்டயர் என்ற ஊரில் ஒரு பஞ்சாலை இருந்தது. கிளாஸ்கோத் தொழிலாளர் தனியாகப் பிரிந்தார்களே, அந்த 1823-ஆம் வருஷத்தில், 10 வயதுப் பையன் ஒருவனை அங்கே அறுந்த நூலை இணைக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். காலை 6 மணிக்குப் போனால் இரவு 8 மணிக்குத்தான் விடுவார்கள். முதல் வாரத்துக் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து அவன் லத்தீன் இலக்கணப் புஸ்தகம் ஒன்று வாங்கினான். ஆலை விட்டதும் 8 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் இராப் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் வீட்டிலே நடுநிசி வரை படிப்பு. தாயார் வந்து கையிலிருந்து புஸ்தகத்தைப் பிடுங்கினால்தான் படுப்பான். பகலில் நூற்கும் யந்திரத்தின் மேலே புஸ்தகத்தைச் சாத்தி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கையில் ஒவ்வொரு வாக்கியமாகப் பறித்துக்கொள்வான். பெரியவனான பிறகு, 1836-ல், அதே ஆண்டர்ஸன் கலாசாலையில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தான். டேவிட் லிவிங்ஸ்டன் என்று சொன்னால் ஆப்பிரிக்காவைச் சுற்றியவர் என்று எல்லாருக்கும் தெரியும்.

லிவிங்ஸ்டனின் கதையைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்து, மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று நீதி சொல்லுவது வழக்கம். எனக்கு அந்த நீதி பிடிக்கவில்லை. அந்த ஆலையில் அவனோடு சேர்ந்து வேலை செய்த மற்றப் பையன்கள் என்ன ஆனார்கள்? 14 மணி நேரம் நின்று உழைத்துவிட்டு, நின்றபடியே தூங்கிப்போன பையன் மனமில்லாதவனா? அவனுக்கு மாலை என்று ஒன்று இல்லை. படிக்கத் தெரியாதவனுக்கு ரசாயன சாஸ்திரப் பிரசங்கம் வைத்து, வரவில்லையே என்று அங்கலாய்ப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத காலம் அது. நீராவி யந்திரத்துக்கு ராஜாவாக விளங்கிய ஜார்ஜ் ஸ்டீவன்ஸனே 18 வயதில் இரவு வகுப்புக்குப் போய்த்தான் எழுத்துக் கற்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. சங்கங்களில் அரசியல் பேசக்கூடாது, மதம் பேசக்கூடாது என்று விதி. பல ஊர்களில் படிப்பறையிலே சமாசாரப் பத்திரிகைகளுக்கும் இடமில்லை. சில ஊர்களில் நாவல்களுக்கும் தடை! (இதில் எனக்குச் சொந்த வருத்தம் உண்டு என்பதை ஒளிக்கவில்லை.) நெம்புகோலைப் பற்றிக் கேட்கலாம், கூலியைப் பற்றிக் கேட்கக் கூடாது. நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லுவார்கள். ரொட்டி ஏன் இந்த விலை விற்கிறது என்று சொல்லமாட்டார்கள். லண்டன் சங்கத்தில் ஹாட்ஜ்ஸ்கினைப் பொருளாதாரம் பற்றிப் பேச விட்டார்கள். உழைப்பவனுக்குத்தான் விளைவு சொந்தம் என்ற தோரணையில் அவர் பேசவே, நன்கொடை கொடுத்தவர்களுக்கு முகம் சுருங்கியது. அவருடைய நூல்களைப் பின்னாளில் கார்ல் மார்க்ஸ் உன்னிப்பாகப் படித்தார். மார்க்ஸின் சிநேகிதர் எங்கெல்ஸ் 1845-ல் வெளியிட்ட புஸ்தகத்தில், இந்த இன்ஸ்டிட்யூட்டுகள் முதலாளிகளின் குரலாகிவிட்டன, தொழிலாளிகள் தங்கள் சொந்தப் படிப்பறைகளுக்குப் போய்விட்டார்கள் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். எங்கெல்ஸ் கட்சிக்காரர், கொஞ்சம் கூடச் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், கட்சி ஏதும் இல்லாத சார்லஸ் டிக்கன்ஸ் 1860-ல் எழுதியது என்ன? ஒரு சிற்றூர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனால் அங்கே தொழிலாளியையும் காணோம், உயிரையும் காணோம் என்று கேலி செய்து தீர்த்துவிட்டார்.

டிக்கன்ஸுக்குக் கேலி செய்யும் உரிமை உண்டு. 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகரத்தில் இதே மாதிரி ஒரு கல்வி நிலையத்துக்காகத் தம் கதைகளைத் தாமே மூன்று இரவுகள் வாசித்தார். மூன்றாவது இரவு தொழிலாளருக்கென்றே ஒதுக்கி, டிக்கெட்டு 6 பென்ஸுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். மண்டபம் நிரம்பி வழிந்தது. எந்த விலைக்கு எந்த நேரத்தில் என்பது தெரிந்த மனிதர்.

அப்புறம் நடந்ததில் பெரும் பகுதியை இரண்டு வார்த்தையில் தாண்டிவிடலாம். 1847-ல் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. 1850-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஆலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை பகல் 2 மணியோடு வேலை முடிந்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாதாகையால் ஆண்களுக்கும் பல இடங்களில் விடுதலை. 1870-ல் ஆரம்பக் கல்விச் சட்டம். கல்வி சாஸ்திர நூல்கள் இந்தச் சட்டங்களில் கடைசி ஒன்றைத்தான் கல்விச் சட்டம் என்று சொல்லும். என்னைக் கேட்டால் மூன்றுமே கல்விச் சட்டங்கள்தாம்.

அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல் சும்மா போகவில்லை. லங்காஷயரில் ராச்டேல் என்ற நெசவூர். 1844-ல் கூட்டுறவுப் பண்டகசாலையை ஆரம்பித்துப் பேர் வாங்கிய ஊர். மாவும் வெண்ணெயும் விற்ற ஆதாயத்தில் 100-க்கு இரண்டரை விகிதம் கல்விக்கு என்று எடுத்து வைத்துப் புஸ்தகசாலையும் படிப்பறையும் நடத்தியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பிறத்தியார் பணம் வேண்டாம் என்று 1823-ல் ராபர்ட்ஸன் சொன்னாரே, அது எப்படி முடியும் என்பதற்கு இவர்கள் பதில் கண்டுபிடித்திருந்தார்கள்.

இந்தக் கூட்டுறவு இயக்கத்திலே குமாஸ்தாவாக இருந்தவர் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ். தச்சர் மகன், 14 வயதோடு பள்ளிக்கூடம் போச்சு. 1903-ல் தொழிலாளருக்கு உயர்தரக் கல்வி கிடைக்க வேண்டும் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். மூலதனம் அவர் மனைவி பிரான்ஸெஸ் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டரை ஷில்லிங். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு இயக்கம்! ராச்டேல்காரர்கள் அவரிடம் நல்ல ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார்கள். 30 பேர் தவறாமல் வருகிறோம், கட்டுரை எழுதுகிறோம் என்று வாக்குக் கொடுத்தால் இங்கிலாந்திலேயே சிறந்த ஆசிரியரை அனுப்புகிறேன் என்றார் மான்ஸ்பிரிட்ஜ். 1908 ஜனவரியில் ஆசிரியர் வந்தார். வயது 27. பெயர் ஆர். எச். டானி.

டானி பிறந்தது கல்கத்தாவில், 1880-ல். தகப்பனார் அங்கே பிரஸிடென்ஸி காலேஜ் பிரின்ஸிபால். நம் கதாசரித்ஸாகரத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவரும் அவரே. கதைக் கடலைக் கடைந்தவரின் மகன் வாரா வாரம் கிளாஸ்கோவிலிருந்து ரயில் ஏறினார். அங்கே அப்போது அவருக்குச் சர்வகலாசாலை உத்தியோகம். வெள்ளிக்கிழமை இரவு பீங்கான் தொழில் நடக்கும் லாங்டனில் ஒரு வகுப்பு. சனிக்கிழமை பிற்பகல், ஆலை விட்டதும் ராச்டேலில் ஒரு வகுப்பு. இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் ஆசிரியர் பேசுவார். இரண்டாவது மணி நேரம் மாணவர்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். எந்தப் பாடம் என்று தீர்மானிப்பதும் அவர்களே. அவர்கள் தேர்ந்தெடுத்தது நெம்புகோல் அல்ல, பொருளாதாரச் சரித்திரம். எழுதிப் பழகாத கைகள் பதினைந்து நாளைக்கு ஒரு கட்டுரை எழுதின. மூன்று வருஷம் நடந்தது இது. நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் கேட்ட கேள்விகளிலிருந்துதான் தாம் பொருளாதாரம் படித்ததாக டானி கருதினார். ஜேம்ஸ் வாட்டின் மேஜையைப் பார்த்த ஆண்டர்ஸனுக்கு இது புரிந்திருக்கும்.

இதனால் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸ்போர்டிலே தொழிலாளருக்காக 1899-ல் ரஸ்கின் காலேஜ் ஏற்பட்டிருந்தது. 1909-ல் அங்கே மாணவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள், வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். சர்வகலாசாலையார் மெல்லக் கை நீட்டி எங்கள் பாடத்தைத் தங்களுடையதாக்கப் பார்க்கிறார்கள், எங்கள் பக்கம் நின்ற பிரின்ஸிபாலை வெளியேற்றுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியேறியவர்கள் சென்ட்ரல் லேபர் காலேஜ் என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள். அதற்குச் சோறு போட்டவை ரயில்வேத் தொழிலாளர் சங்கமும் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கமும். புஸ்தகசாலை யாருடையது என்ற கிளாஸ்கோ வழக்கேதான், வாதிகள்தாம் புதியவர்கள். சங்கங்களுக்குப் பண முடை வந்ததும் 1929-ல் அந்தக் காலேஜை மூடிவிட்டார்கள். ப்ளேஸ் சொன்னது அங்கே பலித்தது.

ஆனால் மூடுவதற்குள் அது ஒரு காரியம் செய்திருந்தது. 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர், பேசினால் நாக்குத் திக்குகிறவர், ஒரு வேல்ஸ் இளைஞர். 1919-ல் தொழிலாளர் சங்கத்து உபகாரச் சம்பளத்தில் அங்கே படிக்க வந்தார். அன்யூரின் பெவன் என்ற அந்த மனிதர்தான் 1948-ல் பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்த மந்திரி. முதியோர் கல்வி சிலருக்குச் செய்யும் உபகாரமல்ல, தேசத்துக்கு நிரந்தரத் தேவை, ஆயுள் முழுவதும் நடக்க வேண்டியது என்று சர்க்கார் நியமித்த ஒரு கமிட்டி அறிக்கை கொடுத்ததும் அதே 1919-ல்தான். கமிட்டியில் டானியும் ஓர் அங்கத்தினர். அறிக்கைகளுக்குள்ள தலைவிதிப்படி அது நெடுங்காலம் அலமாரியில் இருந்தது.

1963 செப்டம்பரில் ஹரால்ட் வில்ஸன், வானொலியிலும் டெலிவிஷனிலும் பாடம் நடத்தும் ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கூட்டம் நடந்த ஊர் கிளாஸ்கோ. பிரதம மந்திரியானதும் அந்தப் பொறுப்பை ஜென்னி லீ என்ற அம்மையாரிடம் ஒப்படைத்தார். ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகள்; பெவனின் மனைவி. பெவன் 1960-லேயே காலமாகிவிட்டார். தொழிலாளருக்குத் தனியாக ஒரு சின்னக் கல்வி, மட்டமாக ஒரு பட்டம் என்றால் எனக்கு வேண்டாம், கொடுத்தால் முதல்தரமாகக் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாள் மந்திரிசபையோடு மல்லுக்கு நின்றார். முன்பு எந்தப் பரீட்சையும் தேறியிருக்க வேண்டியதில்லை என்ற விதியோடு 1971 ஜனவரியில் ஓபன் யூனிவர்ஸிடியில் பாடங்கள் ஆரம்பமாயின. முதல் வருஷமே ஏறக்குறைய 25,000 பேர். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையிலும், குழந்தைகள் தூங்கிய பிறகு இரவிலும் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த ஒளிபரப்புப் பாடங்கள் 2006-ல் நின்றன. இப்போது கம்ப்யூட்டர் வழியாகப் படிக்கிறார்கள்.

ஆண்டர்ஸன் எழுதி வைத்த கலாசாலை 1964-ல் ஸ்ட்ராத்கிளைட் சர்வகலாசாலை ஆயிற்று. லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷனுக்கு 1866-ல் பர்க்பெக்கின் பெயரைச் சூட்டினார்கள். 1920-ல் அது லண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த காலேஜாகிவிட்டது. பிற்காலத்தில் பிரதம மந்திரியான ராம்ஸே மாக்டொனால்டு, லண்டனில் வேலை தேடி அலைந்த நாளில் மாலை வேளைகளில் அங்கே போய்த்தான் விஞ்ஞானம் படித்தார். ஸௌதாம்ப்டன் பில்டிங்ஸை விட்டுக் கட்டடம் மாறியது, பாடங்கள் மாறின, மெக்கானிக் என்ற பெயரும் போய்விட்டது. ஆனால் பர்க்பெக் காலேஜில் பெரும்பாலான வகுப்புகளுக்கு மணி அடிப்பது இன்றைக்கும் மாலை 6 மணிக்குத்தான்.